ரோட்மேப்பில் எது முதலில்? மாஸ்கோ, ரைஸ், தாமதச் செலவு

புதுச்சேரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள் செய்கிறோம். டெவலப்பர்கள் நான்கு பேர். வாடிக்கையாளர்கள் புதுச்சேரி, கடலூர், பண்ருட்டிப் பக்கம். அடுத்து எதைச் செய்வது என்ற வரிசையை, அதாவது ரோட்மேப்பை, முடிவெடுப்பது என் பொறுப்பு. கேட்பவர்கள் மட்டும் நிறையப் பேர்: முதலாளி, சேல்ஸ், சப்போர்ட், ஆடிட்டர்கள், முந்திரி வியாபாரி, மீன் வியாபாரி. மூன்று முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது தாமதச் செலவு என்ற முறையில் நிற்கிறோம். அதன் பக்கம்தான் நான் சாய்கிறேன், ஆகவே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

மாஸ்கோ (MoSCoW: Must, Should, Could, Won't) முறை பலருக்கும் தெரிந்தது. ஊர்ப் பெயரோடு இதற்குச் சம்பந்தமில்லை. 1994-இல் டாய் கிளெக் என்பவர் ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியது. கட்டாயம், அவசியம், இருந்தால் நல்லது, இப்போதைக்கு இல்லை என்று நான்கு கூடைகள். ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம், முதலாளிக்கும் உடனே புரியும். மொத்த உழைப்பில் கட்டாயக் கூடை 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் சொல்வார்கள். எங்களால் அந்த வரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் சேல்ஸ் அண்ணன் ஒவ்வொரு கூட்டத்திலும், “இதுவும் கட்டாயம்தான்மா, பார்ட்டிகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே வாக்குக் கொடுத்திருப்பார். ஆனால் எல்லாருடைய வாக்கும் ஒரே கூடைக்குள் போனபின், அந்தக் கூடைக்குள் எது முதலில் என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருந்தது. தேதி முடிவாகிவிட்ட ஒரு வெளியீட்டுக்குள் எதை விடலாம் என்று பார்க்க மாஸ்கோ போதும். வருடம் முழுக்க ஓடும் ரோட்மேப்புக்குப் போதாது.

அப்புறம் ரைஸ் (RICE: Reach, Impact, Confidence, Effort). இன்டர்காம் என்ற மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த கணக்கு. எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பலன் (அதிகபட்சம் 3), அந்த மதிப்பீட்டில் எவ்வளவு நம்பிக்கை, இம்மூன்றையும் பெருக்கி, ஆகும் உழைப்பால் வகுக்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது நம்பிக்கை என்ற கட்டம். “கடைக்காரங்க எல்லாருமே கேக்கறாங்க” என்று ஒருவர் சொன்னால், எத்தனை பேரிடம் பேசினீர்கள் என்று கேட்டுவிட்டு 50 சதவீதம் என்று போடலாம். குரல் பெரிதாக இருப்பதாலேயே ஒரு வேலை மேலே ஏறுவது இதனால் நின்றது. நம்பிக்கையை எழுதும் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை.

ஆனால் ரைஸ் எங்களை ஒரு இடத்தில் நன்றாகவே ஏமாற்றியது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுக்கும் வியாபாரிகள், கமிஷனைக் கழித்துப் பில் போடும் வசதி கேட்டார்கள். இருபத்தைந்து பேர், பலன் 3, நம்பிக்கை 80 சதவீதம், உழைப்பு இரண்டு ஆள்-மாதம், அதாவது ஒருவர் இரண்டு மாதம் செய்யும் வேலை. மதிப்பெண் 30. அதே நேரத்தில் சேல்ஸ் கேட்டது, கடைகளில் வாடிக்கையாளருக்குப் புள்ளிகள் சேர்க்கும் வசதி. முந்நூறு கடைகள், பலன் 0.5, அதே 80 சதவீதம், உழைப்பு ஒரு ஆள்-மாதம். மதிப்பெண் 120. புரிவதற்காக எண்களைக் கொஞ்சம் உருட்டிச் சொல்கிறேன், இடைவெளி ஏறக்குறைய இவ்வளவுதான். புள்ளிகளை முதலில் செய்து முடித்து, மீன் பில்லை ஏப்ரல் மூன்றாவது வாரம் கொண்டுபோய்க் கொடுத்தோம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது தெரியாத ஆள் கடலூரில் கிடையாது. எனக்கும் தெரியும். எங்கள் அட்டவணையில் மட்டும் அதை எழுத ஒரு கட்டம் இல்லை.

பிப்ரவரியிலேயே அந்த வியாபாரிகளில் ஒருவரிடம், “ஒரு மாசம் தள்ளிப்போனா என்ன அண்ணே ஆகும்?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டபோது யோசிக்காமல் பதில் வந்தது: “தடைக்காலம் வந்துடும்மா. அப்புறம் யாருக்குப் பில்லு போடறது?”

அந்த ஒரு கேள்விதான் தாமதச் செலவு முறை. தயாரிப்பு மேம்பாடு பற்றிப் புத்தகங்கள் எழுதிய டொனால்ட் ரெய்னர்ட்சென் வழியாக மென்பொருள் உலகில் இது பரவியது. ஒரு வேலை ஒரு வாரமோ மாதமோ தள்ளிப்போனால் எவ்வளவு பணம் போகும் என்று கணக்கிடுகிறோம், அதை வேலை முடிய ஆகும் காலத்தால் வகுக்கிறோம், பெரிய எண் வருவது முதலில். உதாரணத்துக்கு, மாதம் 9,000 ரூபாய் இழப்பைத் தடுக்கும் மூன்று வார வேலைக்கு 3,000 வரும். மாதம் 4,000 ரூபாயைத் தடுக்கும் நான்கு வார வேலைக்கு 1,000. முதலாவதை எடு.

வகுத்தலைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது, செலவு எந்தத் தேதியில் எப்படி மாறுகிறது என்பது. சில வேலைகளுக்குத் தாமதம் சொட்டுச்சொட்டாய் ஒழுகும். புதுச்சேரியின் பாகூரில் ஒரு கடை, தமிழ்நாட்டின் கடலூரில் ஒரு கடை என்று வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் ஜிஎஸ்டியின் மாநில எண்ணில் ஒன்று 34, மற்றது 33. ஒரு கடையிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி) போட்டு இன்வாய்ஸ் வேண்டும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லும். எங்கள் மென்பொருளில் அது இல்லாததால் கணக்கெழுதும் பெண் மாதாமாதம் உட்கார்ந்து கையால் போட்டுக்கொண்டிருந்தார். இன்று செய்தாலும் லாபம், அடுத்த மாதம் செய்தால் ஒரு மாத லாபம் குறைவு, அவ்வளவுதான்.

சில வேலைகளுக்கு ஒரு தேதி வரை ஒன்றுமே இல்லை, அதைத் தாண்டினால் எல்லாம் போச்சு. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி விகித மாற்றத்தை அறிவித்தார்கள், 22-ஆம் தேதி அமல். அதற்கு எந்த முறையும் தேவையில்லை, எல்லாரும் மற்ற வேலையைக் கீழே வைத்துவிட்டோம்.

எனக்கு உண்மையில் உதவியது பருவத்தை ஒட்டிய வேலைகளில். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரண்டும் நெட்டும் இல்லாமல் கடைகளில் பில் போட முடியவில்லை. டிசம்பர் முதல் வாரமே, ஆஃப்லைனில் ஓடும் பில்லிங் வேண்டும் என்று முதலாளியிலிருந்து சப்போர்ட் வரை எல்லாரும் நின்றார்கள். மாஸ்கோவில் அது கட்டாயம், ரைஸில் பலன் 3, இரண்டிலுமே உடனே ஆரம்பி என்றுதான் வந்திருக்கும். தள்ளிப்போட்டால் என்ன போகும் என்று எழுதிப் பார்த்தோம். கோடையில் அவ்வப்போது போகும் கரண்டால் கொஞ்சம், பெரிய அடி அடுத்த வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபரில். ஆகவே ஆகஸ்டில் முடிந்தால் போதும் என்று எழுதி வைத்துவிட்டு, இரண்டு மாநிலச் சரக்கு மாற்றத்தை முதலில் முடித்தோம். மீன் வியாபாரிகள் அடுத்துக் கேட்ட மாற்றங்களும் அப்படித்தான்: ஜூன் 14 வரை தள்ளினால் இழப்பு பூஜ்யம், 15-ஆம் தேதி காலை முதல் முழுசாக.

கூட்டங்களும் மாறின. முன்பு ஒருவர் கோரிக்கையை நான் மறுக்க வேண்டியிருந்தது, மறுத்தால் மனஸ்தாபம். இப்போது கேட்பவரே மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும்: இது இல்லாமல் யார் எவ்வளவு இழக்கிறார், எந்தத் தேதியிலிருந்து, இப்போதைக்கு எப்படிச் சமாளிக்கிறார். மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும்போதே பாதிக் கோரிக்கைகளின் அவசரம் தணிந்துவிடுகிறது. எண்ணை ஊதிப் பெரிதாக்க இதிலும் வழி இருக்கிறது. ஆகவே, பணம் யாருடையது என்று பெயர் சொல்ல முடியாத இழப்பை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது தடுமாறும் இடமும் உண்டு. பழைய டேட்டாபேஸை மாற்றுவது, குப்பையாகிப்போன நிரலை (code) சீர் செய்வது போன்றவற்றுக்கு மாத இழப்பு எவ்வளவு என்று டெவலப்பர்களால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. அதற்காக வாரத்தில் ஒரு நாளைக் கணக்குக்கு வெளியே ஒதுக்கி வைத்துவிட்டேன். அது சரியான தீர்வா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஒரு வருடம்தான் ஆகிறது. வாடிக்கையாளரே இல்லாத புதிய பொருளுக்கு இந்த முறையை நான் பயன்படுத்தியதில்லை. அங்கே இழப்பைச் சொல்ல ஆள் யார்? பத்து டீம்கள் உள்ள பெரிய நிறுவனத்திலும் நான் வேலை செய்ததில்லை. அங்கே ரைஸ் போல எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வசதியாக இருக்கக்கூடும்.

எங்கள் அட்டவணையில் இப்போது ரைஸின் நம்பிக்கைக் கட்டம் இருக்கிறது, அதன் பக்கத்தில் “எந்தத் தேதிக்குள்” என்று ஒரு கட்டம். பண்ருட்டி பலாப்பழ மண்டிக்காரர் எடை பில்லில் ஒரு மாற்றம் கேட்டிருக்கிறார். அந்தக் கட்டத்தில் மார்ச் 31 என்று அவரே சொல்லி எழுதச் சொன்னார்.