பிந்திப் போடும் சூரியகாந்திக்கு எந்த விதைப் பைக்கற்?

கொழும்புக் கடைகளில் தொங்கும் இறக்குமதிச் சூரியகாந்திப் பைக்கற்றுகளின் பின்பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கச் சொல்லியிருக்கும். அது உறைபனி விழும் நாடுகளின் கணக்கு. இங்கே அப்போது போட்டால் மொட்டு வரும் நேரம் தென்மேல் பருவமழை கொட்டும். பூத்தட்டில் நீர் தங்கி அழுகிவிடும். ஜனவரியில் போடுவது நல்லது. தவறவிட்டவர்கள் பெப்ரவரி நடுப்பகுதி வரை போடலாம், ஆனால் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. விதைத்துப் பூக்கும் வரையான நாட்கணக்கைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆளுயரத்தைத் தாண்டும் இராட்சத வகைக்கு 90 முதல் 100 நாள் வேண்டும். பெப்ரவரி 15இல் போட்டால் மே நடுவில்தான் பூ, அதாவது சரியாக மழைக்குள். உயரமும் படத்தில் உள்ளபடி வராது. அந்த நாடுகளில் கோடைப் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல் நீளும். இங்கே ஆண்டு முழுவதும் 12ஐ ஒட்டியே நிற்கும். பகல் குறைந்தால் பல வகைகள் வளர்ந்து முடியுமுன்னே பூத்துவிடும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிந்தியவர்களுக்கு இந்தப் பைக்கற் வேண்டாம்.

வாங்க வேண்டியது ஒற்றைத் தண்டு, மகரந்தம் கொட்டாத கலப்பின வகை. 50 முதல் 60 நாள். அதே பெப்ரவரி 15 விதைப்பு சித்திரைப் புத்தாண்டு மேசைக்குப் பூவாகிவிடும், விரிப்பிலும் மஞ்சள் தூள் படாது. விலை கூட, விதையோ கொஞ்சம். ஒரு செடிக்கு ஒரு பூதான். வெட்டினால் கதை முடிந்தது. 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நெருக்கிப் போட்டால் பூச்சாடிக்கு அளவான பூ வரும். தொடர்மாடி பல்கனிக்காரருக்கு முழங்கால் உயரக் குட்டை வகையே பொருந்தும், 10 அங்குலச் சாடி போதும்.

கிளிக்குப் போடும் விதையும் வறுக்காததாக இருந்தால் முளைக்கும். மலிவு. ஆனால் அது பெரும்பாலும் கலப்பினப் பயிரின் அடுத்த தலைமுறை. ஒன்று இடுப்பளவு, ஒன்று கூரையளவு என்று வளரும், நாட்கணக்கும் தெரியாது.

கடதாசிப் பைக்கற் கடற்காற்றில் ஈரம் இழுக்கும், ஆகவே ஈயத்தாள் பையையே எடுங்கள். வீட்டில் 10 விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒரு கிழமையில் 7க்குக் குறைவாக முளைத்தால் குழிக்கு இரண்டு போட வேண்டும். நகத்தால் அழுத்தும்போது பொசுக்கென்று அமுங்குவது பதர்.

மண், கூட்டெரு, தும்புத்தூள் சம அளவு. ஆழம் 2.5 சென்ரிமீற்றர். மேலாகப் போட்டால் விதைத்தோல் கழராமல் வித்திலை (முளையில் முதலில் விரியும் இலை) நுனியில் தொப்பிபோல் மாட்டிக்கொள்ளும். பிடுங்கினால் குருத்தும் சேர்ந்து வரும். ஒரு துளி நீர் விட்டுச் சற்று நேரம் ஊறவிட்டால் தானாக நழுவும். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நடவும் கூடாது. யூரியா கூடினால் தண்டு கொழுத்துச் சரியும். அணிலுக்கு, அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலை மூடியின்றிக் கவிழ்த்து, வித்திலைக்கு அடுத்து முதல் சோடி உண்மையிலை வரும்வரை வைத்தால் சரி.

மிஞ்சிய விதையை உலர்ந்த அரிசி ஒரு கரண்டியோடு இறுக்கமான போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அடுத்த ஜனவரிக்கு உதவும்.