கேம் அருமை, ஆனா கூடவே வர்ற பூட்டு தாங்க முடியல

ஃப்ரெண்டு ஒருத்தர் மெசேஜ் பண்ணிருந்தாரு, நீங்க ரொம்ப நாளா விளையாடற அந்த கேம் இப்போ பாதி விலைக்கு வந்திருக்கே, வாங்கலாமானு. ஒரு வாரத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா யோசிக்காம வாங்குங்கனு சொல்லிருப்பேன். நடுவுல என் சிஸ்டத்துல மதர்போர்டு (எல்லா பாகத்தையும் மாட்டற மெயின் போர்டு) போயிடுச்சு, அதுக்கப்புறம் இந்த கேம்ல திருட்டு காப்பியத் தடுக்க வச்சிருக்கற பூட்டு, அதாவது டிஆர்எம், பண்ணுன கூத்துல எனக்கு இருந்த பொறுமை எல்லாம் போச்சு, அதனால அவருக்கு ஒரு வரில பதில் சொல்ல முடியல, இங்கயே எழுதிடறேன். கிராஃபிக்ஸ் என்ன, எவ்ளோ ரேம் வேணும்னு எல்லாம் ஸ்டோர் பேஜ்லயே இருக்கு, அதுக்குள்ள நான் போகல.

கேமப் பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுக்கு நியாயம் செய்யணும். தனியா விளையாடற கதை கேம், ஆன்லைன் மேட்ச் எதுவும் கிடையாது. இதுல வர்ற மழை மாதிரி நான் வேற எங்கயும் பாத்ததில்ல. தகரக் கூரை மேல விழுந்தா ஒரு சத்தம், சேத்துல விழுந்தா ஒரு சத்தம், கதவச் சாத்துனா அதே மழை தூரத்துல கேக்கற மாதிரி அமுங்கிடும். ஹெட்ஃபோன் மாட்டிட்டு சும்மா ஒரு குடிசைக்குள்ள நின்னு கேட்டுட்டு இருந்திருக்கேன், மிஷன் கிஷன் எதுவும் பண்ணாம. கதை முடிச்சதுக்கு அப்புறமும் திரும்பத் திரும்ப உள்ள போக வச்சது அதுதான். அத செஞ்ச சவுண்ட் ஆளுங்க யாரா இருந்தாலும் அவங்க கைக்கு மோதிரம் போடணும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். போர்டு போச்சு, பழைய ப்ராசஸருக்குப் பொருந்தற போர்டு கிடைக்கல, அதனால ரெண்டையும் மாத்த வேண்டியதாச்சு. விண்டோஸ் புதுசா போட்டேன், பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற போர்டோட சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணேன், அப்படியே லினக்ஸும் போட்டு அதுல ப்ரோட்டான், அதாவது விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட வைக்கற சாஃப்ட்வேர், அதோட வெர்ஷன் மாத்தி மாத்தி எதுல நல்லா ஓடுதுனு பாத்தேன். ரிப்பேர் பண்ணி வந்த மெஷின எவனா இருந்தாலும் இப்படித்தான் டெஸ்ட் பண்ணுவான். கடைசியா செட் ஆகி, ப்ளே பட்டன அழுத்துனா கேம் வரல, சின்னதா ஒரு சாம்பல் கலர் பெட்டி வருது. உள்ள நீளமா ஒரு எர்ரர் கோட், நிறைய கம்ப்யூட்டர்ல ஆக்டிவேட் பண்ணிட்டீங்க, அப்புறமா முயற்சி பண்ணுங்கனு ஒரு வரி, கீழ ஓகே பட்டன். ஓகேவ அழுத்துனா பெட்டி மூடிடும், அவ்ளோதான்.

என்கிட்ட இருக்கறதே ஒரு கம்ப்யூட்டர்தான் சார்!

இந்த பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னா, கேம முதல் தடவ ஓட்டும்போது ப்ராசஸர், ஆபரேட்டிங் சிஸ்டம்னு சில விவரங்கள எடுத்து சர்வருக்கு அனுப்பி, அந்த மெஷினுக்குன்னே ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி வாங்கி வச்சுக்கும். அந்த விவரத்துல ஏதாவது மாறிட்டா பழைய சீட்டு செல்லாது, புதுசு வாங்கணும். ஒரு நாளைக்கு இத்தன சீட்டுதான்னு ஒரு வரம்பு வேற. லினக்ஸ்ல ப்ரோட்டான் வெர்ஷன் மாத்துனா அதையும் வேற மெஷின்னு எண்ணிக்கும். அதாவது ஸ்டோர்ல என் அக்கவுண்ட் இருக்கு, அதுக்குள்ள நான் வாங்குன கேம் இருக்கு, ஸ்டோருக்கு நான் யாருன்னு நல்லாத் தெரியும், ஆனா இந்த பூட்டுக்கு மட்டும் என்னத் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் செத்துப் போன என் பழைய போர்டுதான். வீட்டுக் கதவு தாழ்ப்பாள மாத்துனதுக்காக வீட்டுக்காரனையே வாசல்ல நிக்க வைக்கற வேல இது.

கஸ்டமர் சப்போர்ட்டுக்கு எழுதுனேன். வாங்குன ரசீது கேட்டாங்க, கொடுத்தேன். சிஸ்டம் ரிப்போர்ட் ஃபைல் கேட்டாங்க, கொடுத்தேன். இருபத்துநாலு மணி நேரம் காத்திருந்து முயற்சி பண்ணுங்கனு பதில் வந்துச்சு. அதுவரைக்கும் என்ன பண்றதுனு கேட்டதுக்கு அதே பதில காப்பி பண்ணி திரும்ப அனுப்புனாங்க. மறுநாள் கேம் ஓடுச்சு, உண்மைதான், சேவ் ஃபைலும் பத்திரமா இருந்துச்சு. ஆனா காசு கொடுத்து வாங்குன என்கிட்ட ரசீது கேட்டு நிரூபிக்கச் சொன்னது இருக்கே, அது இன்னும் உறுத்துது.

சரி என் சிஸ்டத்துக்கு மட்டும் நடந்த விபத்துனு விட்டுடலாம்னு பாத்தா, இந்த வியாதி பழசு. 2008ல ஸ்போர்ங்கற கேம் வந்தப்ப செக்யூரோம்னு ஒரு பூட்டு போட்டு மூணு கம்ப்யூட்டர்தான்னு சொன்னாங்க, ஜனங்க அமேசான்ல ஒத்த ஸ்டாரா குத்தித் தள்ளுனாங்க, அப்புறம் அஞ்சுனு ஏத்துனாங்க. அவ்ளோ பூட்டு போட்டும் டோரன்ட்ஃப்ரீக்ங்கற நியூஸ் சைட்டோட கணக்குப்படி அந்த வருஷம் டோரன்ட்ல அதிகமா டவுன்லோட் ஆன கேம் அதுதான். 2021ல இன்டெல் பன்னெண்டாவது தலைமுறை ப்ராசஸர் வந்துச்சு, ஒரே சிப்ல பெரிய கோர், சின்ன கோர்னு (கோர்னா சிப்புக்குள்ள வேலைய செய்யற பகுதி) ரெண்டு வகை. சில கேம்ல இருந்த பூட்டு அந்த சின்ன கோர வேற கம்ப்யூட்டர்னு நினைச்சு கேமையே நிறுத்திடுச்சு. ஒரே சிப்புக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர்! கடைசில பயாஸ்ல ஒரு செட்டிங் ஆன் பண்ணி ஸ்க்ரோல் லாக் கீய அழுத்தி சின்ன கோர தூங்க வைக்கற அளவுக்குப் போச்சு. புது ப்ராசஸர ஆசையா வாங்குனவன் அதுல பாதிய மூடி வச்சுட்டு விளையாடணுமாம்.

ஸ்பீடு விஷயத்துல நான் இந்த பூட்டக் குத்தம் சொல்ல மாட்டேன். என் மெஷின்ல கேம் ஸ்மூத்தாதான் ஓடுது, பூட்டு இல்லாம ஓட்டிப் பாக்க வழி இல்லாதப்ப அதனால ஸ்லோனு சொல்றது நியாயம் இல்ல. ஆனா ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்ங்கற கேம்ல 2021ல திருட்டு காப்பி ஒரிஜினல விட திக்காம ஓடுதுன்னு பெரிய பேச்சாகி, ஜூலைல அத செஞ்ச கம்பெனி கேப்காமே திருட்டுத் தடுப்பு பகுதிய சரி பண்ணிருக்கோம்னு பேட்ச் விட்டாங்க. திருட்டு காப்பிக்காரன் நிம்மதியா விளையாட, காசு கொடுத்தவன் பேட்சுக்குக் காத்திருந்தான்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அத மறுக்கல. கேம் வந்த முதல் சில வாரத்துலதான் பெரிய வியாபாரம், அப்ப திருட்டு காப்பி வந்துட்டா அடி பலமா விழும், பல வருஷம் உக்காந்து செஞ்சவன் வயிறு எரியும். முதல் சில மாசம் பூட்டு போடுங்க, நான் பொறுத்துக்கறேன். ஆனா அதுக்கப்புறம் எடுத்துடுங்களேன்? டூம் கேம் 2016 மே மாசம் வந்துச்சு, அதே வருஷம் டிசம்பர்ல பூட்ட எடுத்துட்டாங்க. விட்சர் 3ய பூட்டே போடாமத்தான் வித்தாங்க, அஞ்சு கோடி காப்பிக்கு மேல போயிருக்கு. நான் சொல்ற இந்த கேம் வந்து வருஷக்கணக்காச்சு, பாதி விலைக்கு வந்தாச்சு, திருட வேண்டியவன் எல்லாம் எப்பவோ திருடியாச்சு. இன்னும் யாருக்காக இந்த பூட்டு?

எனக்கு உண்மையாவே பயமா இருக்கறது வேற ஒண்ணு. என்கிட்ட பழைய டிஸ்க் கேம் கொஞ்சம் இருக்கு, பெட்டியோட, மேனுவலோட. 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப அந்தக் கால டிஸ்க் கேம்ல இருந்த சேஃப்டிஸ்க்ங்கற பூட்டுக்கு வேண்டிய டிரைவர (விண்டோஸ்குள்ள இருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர்) பாதுகாப்புப் பிரச்சனைனு சொல்லி மைக்ரோசாஃப்ட் எடுத்துருச்சு, அதுல அந்த டிஸ்க் எல்லாம் அப்படியே ஓடாமப் போச்சு. டிரைவர எடுத்தது சரிதான், ஓட்டை இருந்தா மூடத்தான் செய்யணும். ஆனா டிஸ்க்ல ஒரு கீறல் இல்ல, கேம்ல ஒரு தப்பு இல்ல, பூட்டு செத்தது, கூடவே கேமும் போச்சு. இன்னிக்கு சீட்டு கொடுக்கற சர்வர நாளைக்கு நிறுத்திட்டா, அதுக்கப்புறம் என் போர்டு இன்னொரு தடவ போனா, அந்த மழைய நான் எங்க போய் கேப்பேன்?

அதனால ஃப்ரெண்டுக்கு என் பதில்: வாங்காதீங்க. நான் விளையாடுனதுலயே சிறந்த கேம்ல ஒண்ணு, பத்துக்கு ஒன்பது தயங்காமக் கொடுப்பேன், இன்னிக்கு ராத்திரியும் விளையாடத்தான் போறேன். இருந்தாலும் வாங்காதீங்க. விஷ்லிஸ்ட்ல போட்டு வைங்க, ஸ்டோர் பேஜ்ல வலது பக்கம் வெளி கம்பெனியோட டிஆர்எம் (3rd-party DRM) இருக்குனு ஒரு கட்டம் தெரியும், அது காணாமப் போற அன்னிக்கு முழு விலைனாலும் வாங்குங்க. இல்ல, மனசு கேக்கல, இப்பவே வேணும்னா ஒண்ணு மட்டும் செய்ங்க. போர்டோ ப்ராசஸரோ மாத்துற அன்னிக்கு இந்த கேமத் தொடாதீங்க, விண்டோஸ் அப்டேட், டெஸ்ட் எல்லாம் முடிச்சு மெஷின் ஒரு நிலைக்கு வந்த அப்புறம் கடைசியா ஓப்பன் பண்ணுங்க, அதுவும் நெட் கனெக்ஷன் இருக்கும்போது.