செப்பு மருந்து நல்லதுதான், அதை அளக்கும் பொடிப் பாக்கெட்தான் தொல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து, கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காப்பர் அளக்கிற டிஜிட்டல் செக்கர் விலை இறங்கியிருக்கே அண்ணே, வாங்கலாமா? சொட்டு ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட் போதாதா?"

போதாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் செக்கரோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவனிடம் கேட்டால் நல்ல வார்த்தை மட்டும் வராது.

மீன் நோய்க்குத் தொட்டித் தண்ணீரில் கலக்கும் செப்பு மருந்தின் மேல் எனக்குக் குறையே இல்லை. கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி கொண்டுவரும் வெள்ளைப் புள்ளியாகட்டும், அதைவிட வேகமாகக் கொல்லும் வெல்வெட் நோயாகட்டும், செப்பு அளவுக்கு நம்பக்கூடிய மருந்து கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆனால் மீனின் தோலுக்கடியில் புகுந்துகொண்ட ஒட்டுண்ணியைச் செப்பு தொடாது. மீனை விட்டு இறங்கித் தரையில் ஒட்டிக்கொண்ட கூட்டையும் தொடாது. கூடு வெடித்து, அடுத்த மீனைத் தேடி நீந்துகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் அது சாகும். கூடுகளும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. சில மூன்றாம் நாளே வெடிக்கும், சில வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் தண்ணீரில் செப்பின் அளவு ஒரு இரவுகூட இறங்கக் கூடாது. இறங்கினால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்துதான். மருந்தை ஊற்றுவது ஐந்து நிமிட வேலை. அளவைப் பிடித்து வைத்திருப்பது மாதம் முழுக்க வேலை.

சொட்டு கிட்டில் வரும் நிற அட்டை 1, 2, 4 என்று தாவும். 2-க்கும் 2.5-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிரிக்காது. அதிலும் 2023-இல் ஸ்டேஜ் 6 வரை போன லோட் ஷெடிங் மின்வெட்டு நாட்களில், மஞ்சள் டார்ச் வெளிச்சத்தில் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு இது பச்சையா நீலமா என்று வீட்டில் உள்ள எல்லோரிடமும் வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. செக்கர் ஒரே ஒரு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும். உள்ளேயே விளக்கு, உள்ளேயே சென்சர். இருட்டிலும் அதே எண்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே அதை ஒரு காலத்தில் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்கிறேன்.

ஆனால் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 0 முதல் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை, 0.01 படியில் காட்டும். இரண்டு தசமத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். துல்லியம் என்று போட்டிருப்பது ±0.05 பிபிஎம், அதற்குமேல் ரீடிங்கில் 5 சதவீதம். குப்ரமைன் என்ற மருந்தைப் போன்ற அயனிச் செப்புக்கு இலக்கு 0.5. அந்த இடத்தில் மொத்தப் பிழை 0.075 வரும். திரையில் 0.50 இருந்தால் தொட்டியில் 0.43 இருக்கலாம், 0.57-உம் இருக்கலாம். மருந்து பலிக்கிற அளவுக்கும் மீன் தவிக்கிற அளவுக்கும் நடுவே அயனிச் செப்பு கொடுக்கும் இடைவெளியே ஏறக்குறைய அவ்வளவுதான். வேறொரு பொருளோடு கட்டப்பட்டு, 2.5-ஐ இலக்காக வைக்கும் கீலேட் செப்பில் பிழை 0.175. 2.32-இலிருந்து 2.68-க்குள் எங்கேயோ இருக்கிறோம், இரண்டு பக்கமும் பயமில்லை. அதே கருவி, அதே பொடி, ஆனால் கீலேட்டுக்கு அது நல்ல கருவி, அயனிக்குச் சுமாரான கருவி. எந்த மருந்து என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் கீலேட் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இனி அந்தப் பாக்கெட். பத்து மில்லி கண்ணாடிக் குப்பி, வாய் குறுகல். செப்போடு சேர்ந்து நிறம் கொடுக்கும் பொடி வருவது சின்னச் சதுரப் படலப் பையில். முதலில் வெறும் தொட்டித் தண்ணீரை வைத்து ஜீரோ செய்ய, அதாவது கருவிக்குப் பூஜ்யம் எது என்று காட்ட வேண்டும். பிறகு பையைக் கிழித்து, பொடி முழுவதையும் உள்ளே தட்டி, மூடி, மெதுவாகச் சுழற்றி, மறுபடி வைத்து, நேரம் ஓடி முடிந்ததும் ரீடிங். சொல்லும்போது சுலபம். டர்பன் ஜனவரியின் ஈரக்காற்றில் பொடி பையின் மூலையை விட்டு வராது. நீங்கள் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, சும்மா இருக்கிறார்களே என்று கருவி தானே அணைந்துவிடும். மறுபடி புதுத் தண்ணீர், மறுபடி ஜீரோ, இன்னொரு பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டும் காசு. இதை வடிவமைத்தவர் ஈரக் கையோடு தொட்டி முன்னால் ஒரு தடவையாவது நின்றிருப்பாரா என்பது என் நிரந்தரச் சந்தேகம்.

எரிச்சலோடு போனால் பரவாயில்லை, எண்ணும் கெடும். பொடி பாதி பையிலேயே தங்கினால் ரீடிங் குறைவாக வரக்கூடும். குறைவு என்று நினைத்து மருந்தைக் கூட்டுவீர்கள். ஜீரோ செய்யும்போது குப்பியில் விரல் ரேகை இருந்து, பிறகு துடைத்துவிட்டால் அப்போதும் குறைத்தே காட்டும். ஜீரோவில் சுத்தமாக இருந்து ரீடிங்கின்போது ரேகை பட்டாலோ, உள்ளே குமிழியோ கரையாத துகளோ நின்றாலோ கூட்டிக் காட்டும். அப்போது மருந்து போதும் என்று நிறுத்திவிடுவீர்கள், ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். வழி இதுதான்: ஜீரோவுக்கு முன்பே பையைத் தட்டிப் பொடியை அடியில் சேர்த்து, கத்தரியால் மூன்று பக்கமும் வெட்டி, நடுவில் மடித்து வாய்க்கால் போல ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். குப்பியைச் சட்டைத் துணியால் துடைக்க வேண்டாம், மைக்ரோஃபைபர் துணி வையுங்கள். குப்பியில் உள்ள அடையாளக் கோடு இரண்டு தடவையும் ஒரே திசையில் இருக்கட்டும். முடிந்ததும் ஆர்ஓ தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். எதிர்பாராத எண் வந்தால் மருந்துப் பாட்டிலைத் தொடாமல் இன்னொரு தடவை அளவெடுங்கள்.

அளவு பற்றிச் சுருக்கமாக. மீனைத் தனியாக வைத்து மருந்து போடும் 60×40×40 சென்டிமீட்டர் சிகிச்சைத் தொட்டியைக் கடைக்காரர் 96 லிட்டர் என்பார். தண்ணீர் நிற்பது 35 சென்டிமீட்டர்தான். கண்ணாடித் தடிப்பு, பிவிசி குழாய்த் துண்டுகள், ஸ்பாஞ்ச் எல்லாம் போனால் 80. 96-க்கு ஊற்றினால் 20 சதவீதம் அதிகம். 25 லிட்டர் டிரம்மால் எண்ணி நிரப்பி, கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. குப்ரமைன் என்றால் 40 லிட்டருக்கு 1 மில்லி, 48 மணி நேரம் கழித்து மறுபடி அதே அளவு. 80 லிட்டருக்கு 2-உம் 2-உம். கீலேட்டை நாலைந்து நாளில் படிப்படியாக 2.5-க்கு ஏற்றலாம். வெல்வெட் என்று தெரிந்தால் அந்த நிதானத்துக்கு நேரமில்லை, வேகமாக ஏற்ற வேண்டும். ஆவியாகும் தண்ணீருக்கு ஆர்ஓ மட்டும், ஏனென்றால் செப்பும் உப்பும் ஆவியாவதில்லை. 80-இல் 20 லிட்டர் மாற்றினால் 2.5 என்பது 1.87 ஆகிவிடும். புதுத் தண்ணீரில் அதே விகிதத்தில் மருந்தைக் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தொட்டியில் பவளக்கல், பவள மணல், கார்பன் எதுவும் வேண்டாம். மூன்றும் செப்பை உறிஞ்சும், செக்கர் காட்டும் எண் தினமும் சரியும். பழி கருவிமேல் விழும். அமோனியாவைக் கட்டுகிற டெக்ளோரினேட்டர் (குளோரின் நீக்கி) வகைகளையும் செப்போடு சேர்க்காதீர்கள். செப்பை அவை இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடும். மீன்கள் வழக்கமாக இருக்கும் பெரிய தொட்டியின் சம்ப்பில் (வடிகட்டும் துணைத் தொட்டி) சில வாரம் முன்பே போட்டுப் பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் அமோனியா பிரச்சினை பெரும்பாலும் வராது. செப்பு செவுளை நோகடிக்கும், மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், அதனால் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம்.

கடலோர ஊர்தானே என்று டிரம்மில் கடல்நீர் பிடித்துவந்து சிகிச்சைத் தொட்டியை நிரப்புகிறவர்கள் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி டர்பன் கடற்கரைகள் மூடிக் கிடந்ததை மறக்க வேண்டாம். சுத்தமாக இருந்தாலும், கரைந்த கரிமப் பொருள் செப்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு தொட்டிக்கு மட்டும் செயற்கை உப்பு.

கால அளவில் இரண்டு வழி. அதே தொட்டியில் வைத்திருந்தால் 30 நாள். 14 நாள் முழு அளவில் வைத்துவிட்டு, தள்ளியிருக்கும் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றினால் 14 நாளே போதும், கூடுகள் பழைய தொட்டியோடு போய்விடும். பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடக்கட்டும். அதில் செப்பு ஒரு சொட்டும் வேண்டாம், இறாலும் பவளமும் தாங்காது. புரூக்கினெல்லா, யூரோனீமா, தட்டைப்புழு என்ற வேறு ஒட்டுண்ணிகளுக்குச் செப்பு பலிக்காது, வீணாக ஊற்றாதீர்கள். குள்ள ஏஞ்சல்கள், மாண்டரின், பஃபர் போன்ற மீன்களுக்கு மெதுவாக ஏற்ற வேண்டும். பவுடர் ப்ளூ டாங் மீனுக்கோ செப்பு இல்லாமல் தனிமைப்படுத்தல் என்பதே சூதாட்டம்.

செக்கருக்கு எத்தனை நட்சத்திரம்? ஐந்துக்கு இரண்டரை. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டரையா என்றால், ஆமாம். பாக்கெட்டுக்காகக் கழித்தது இரண்டு, தானே அணைவதற்கு அரை. அது இல்லாமல் செப்புப் பாட்டிலைத் திறப்பீர்களா என்றால் மாட்டேன். டாங்கின் துடுப்பில் புள்ளி விழுந்த நாளில் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.

வாங்குவதானால் கருவியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், பொடிக்குத்தான் தொடர்ந்து ரேண்ட் போகும். முதல் வாரம் தினமும், அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், தண்ணீர் மாற்றிய நாளில் கூடுதலாக ஒன்று, கெட்டுப்போவது சில. கணக்கு போட்டால் ஒரு சிகிச்சைக்கே 25 பாக்கெட் காலி. பெட்டியில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். தள்ளுபடி விலையில் வருவது பெரும்பாலும் தேதி நெருங்கியதாகத்தான் இருக்கும். அதே மாதம் சிகிச்சை தொடங்குகிறவருக்கு அது லாபம், அலமாரியில் வைத்திருக்கப் போகிறவருக்கு நஷ்டம்.