விளம்பர காப்பியை செக் பண்ண எது சரி: வார்த்தை லிஸ்ட்டா, சாட்பாட்டா, பெரிய சிஸ்டமா?

லீகல் டீமுக்கு அனுப்புன காப்பி, அதாவது விளம்பர வாசகம், திரும்பி வர்றதுக்குள்ள கேம்பெய்ன் தேதியே தாண்டிடுதுன்னுதான் முக்கால்வாசி மார்க்கெட்டிங் டீம் விளம்பரம் விதிக்கு ஒத்துப்போகுதான்னு பாக்கற கம்ப்ளையன்ஸ் சாஃப்ட்வேர் பக்கம் எட்டிப் பாக்குது. பாத்தா மூணு ரகம் இருக்கு. தடை பண்ண வார்த்தைகளை லிஸ்ட் போட்டு தேடுறது ஒண்ணு, சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மாதிரி பொது ஏஐ கிட்ட காப்பியை ஒட்டி "இதுல என்ன ரிஸ்க்"னு கேக்கறது இன்னொண்ணு, அப்புறம் இதுக்குன்னே கட்டுன பெரிய சிஸ்டம், மருந்து கம்பெனிங்க வச்சிருக்கற வீவா ப்ரோமோமேட்ஸ் மாதிரி. மூணும் ஒரே வேலைய பண்ற மாதிரிதான் விக்கறாங்க, ஆனா உண்மையில மூணும் பாக்கறது வேற வேற விஷயம்.

ஒரு கற்பனை காப்பிய எடுத்துக்குவோம், ஏதோ ஒரு கேப்ஸ்யூல்னு வைங்க: "மூட்டு வலிக்கு 100% இயற்கை தீர்வு. 30 நாளில் மாற்றம் உறுதி! மாடிப்படியைப் பார்த்தாலே பயந்த என் அம்மா இப்போது பேரனோடு ஓடுகிறார். மருத்துவர்கள் நம்பும் தேர்வு.*"

லிஸ்ட் வகைய இதுல ஓட விட்டா "100%" மாட்டும், "உறுதி" மாட்டும், அவ்ளோதான். அம்மா ஓடுற வரி சத்தமில்லாம தாண்டிப் போயிடும், ஏன்னா அதுல தப்பான வார்த்தைன்னு ஒண்ணுமே இல்ல. ஆனா நாலு வரியில ரொம்ப ஆபத்தானது அதுதான். அமெரிக்காவுல எஃப்டிசி, அதாவது விளம்பரத்தை கண்காணிக்கற அமைப்பு, வாடிக்கையாளர் சொன்ன அனுபவத்தை போட்டா அது கம்பெனியே சொன்ன மாதிரிதான்னு எடுத்துக்கும், எல்லாருக்கும் அந்த ரிசல்ட் வரும்ங்கற அர்த்தம் அதுல வருதுன்னா அதுக்கும் ஆதாரம் கேக்கும். "ரிசல்ட் ஆளுக்கு ஆள் மாறும்"னு கீழ ஒரு வரி போட்டு தப்பிக்கற வழிய 2009லயே அடைச்சாச்சு.

அதுக்காக லிஸ்ட்ட மட்டமா நினைக்க வேணாம். வேல் (Vale)னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு, விதிகளை யாமல்ங்கற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வச்சா போதும், இன்னைக்கு சொன்னதத்தான் நாளைக்கும் சொல்லும், ஏன் சிவப்பு போட்டுச்சுன்னு எழுதுறவருக்கே புரியும், காப்பி உங்க கம்ப்யூட்டர விட்டு வெளிய போகாது. அதுக்கும் மேல, இருக்க வேண்டிய எச்சரிக்கை வரி காணாம போச்சான்னு பாக்கறதுக்கு இத அடிச்சுக்க ஆளே இல்ல. தமிழ் காப்பிதான் கொஞ்சம் தலைவலி: "குணமாகும்"னு லிஸ்ட்ல போட்டா குணமாயிடுச்சு, குணப்படுத்துது, குணமானவங்க எல்லாம் ஜாலியா தாண்டிப் போகும், சரி "குணம்"னு சுருக்கிப் போடுவோம்னா "நல்ல குணம்"கூட மாட்டும். "உத்தரவாதம்"ங்கற வார்த்தைய தடை பண்ணா "உத்தரவாதம் எதுவும் இல்லை"ங்கற டிஸ்க்ளெய்மர் மேலயே பாய்ஞ்சு விழும். பத்து தடவ இப்படி பொய் அலாரம் அடிச்சா பதினோராவது நிஜ அலாரத்தையும் எழுதுறவர் கண்டுக்க மாட்டாரு, இதுதான் இந்த வகையோட நிஜ செலவு.

பொது ஏஐ அம்மா வரிய பிடிச்சிடும். "இது மூட்டு நோய குணப்படுத்தும்னு மறைமுகமா சொல்லுது, எந்த மருத்துவர்கள்னு ஆதாரம் வேணும், அந்த நட்சத்திரக் குறிக்கு கீழ ஒண்ணுமே இல்லையே"ன்னு வரிசையா சொல்லும். மறைமுக அர்த்தத்தை பிடிக்கறதுல லிஸ்ட் இது பக்கத்துலயே வர முடியாது. நோய் பேர சொல்லாமலே நோய்க்கு மருந்துன்னு காட்டறதுக்கும், உடம்போட சாதாரண இயக்கத்துக்கு உதவும்னு சொல்றதுக்கும் உள்ள கோட்டுலதான் சப்ளிமெண்ட் விளம்பரமே நிக்குது, அமெரிக்காவுல 1994 சட்டம் ரெண்டாவது வகைய டிஸ்க்ளெய்மரோட அனுமதிக்குது, முதல் வகைய சொன்னா பொருள மருந்து கணக்குல கொண்டு போயிடுவாங்க.

ஆனா இதுல எனக்கு மூணு உறுத்தல். ஒண்ணு, ரிஸ்க் இருக்கான்னு கேட்டா அது கண்டிப்பா எதையாவது கண்டுபிடிச்சு குடுக்கும், சும்மா "புதுசா வந்திருக்கு"ன்னு எழுதுனாலும் அதுக்கு ஒரு பத்தி கவலைப்படும், அதே காப்பிய மறுபடி குடுத்தா வேற கவலைப்படும். ரெண்டு, இல்லாத சட்டப் பிரிவையும் கம்பீரமா மேற்கோள் காட்டும். 2023ல நியூயார்க்ல ஏவியான்கா விமான கம்பெனி மேல போட்ட வழக்குல சாட்ஜிபிடி குடுத்த போலி தீர்ப்புகளை அப்படியே கோர்ட்ல தாக்கல் பண்ண வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்துச்சு, வக்கீலுக்கே அந்த கதின்னா காப்பிரைட்டர் எம்மாத்திரம்.

மூணாவதுதான் யாரும் அதிகமா பேசாத விஷயம், அது எழுதிக் குடுக்கற "பாதுகாப்பான" வெர்ஷன். "வலி போகும்"ங்கறத "வலி குறைய உதவக்கூடும்"னு மாத்தி குடுக்கும், சிவப்பெல்லாம் பச்சை ஆயிடும், எல்லாருக்கும் நிம்மதி. ஆனா எஃப்டிசி 2022 டிசம்பர்ல வெளியிட்ட ஹெல்த் விளம்பர வழிகாட்டுதல்ல "கூடும்", "உதவும்" மாதிரி மழுப்பல் வார்த்தைய சேத்தா மட்டும் பெரும்பாலும் பத்தாதுன்னு தெளிவா இருக்கு. சில நேரம் இன்னும் மோசமா "ஆய்வுகளின்படி"ன்னு அதுவா ஒரு வார்த்தைய சேத்துடும், அதாவது இருந்த ரிஸ்க்க சரி பண்றேன்னு ஆதாரம் காட்ட வேண்டிய புது வாக்குறுதி ஒண்ண, அதாவது க்ளெய்ம, உருவாக்கிக் குடுக்கும். அதனால ஏஐ கிட்ட குறைய மட்டும் சொல்லச் சொல்லுங்க, திருத்தச் சொல்லாதீங்க.

இந்த ரெண்டும் சேர்ந்து தோக்கற இடம் ஒண்ணு இருக்கு. கெல்லாக்ஸோட ஃப்ராஸ்டட் மினி-வீட்ஸ்ங்கற காலை உணவு சீரியல் விளம்பரம், குழந்தைங்களோட கவனம் கிட்டத்தட்ட 20% கூடுதுன்னு மருத்துவ ஆய்வுல நிரூபணம்னு போட்டாங்க, 2009ல எஃப்டிசி கிட்ட செட்டில் பண்ண வேண்டியதாச்சு. லிஸ்ட்டும் சரி ஏஐயும் சரி "ஆதாரம் இருக்கா"ன்னு கேக்கும், இருக்குன்னு சொல்லி இருப்பாங்க, ஏன்னா ஆய்வு நிஜமாவே இருந்துச்சு. அத திறந்து படிச்சாதான் விஷயம்: சாப்பிட்ட பசங்கள்ல பாதி பேருக்குத்தான் ஏதாவது முன்னேற்றம், 20% அளவுக்கு கூடுனது ஒம்பது பேர்ல ஒருத்தருக்குத்தான், அதுவும் ஒப்பிட்டது காலையில ஒண்ணுமே சாப்பிடாத பசங்களோட. காப்பிய மட்டும் படிக்கற எந்த டூலாலயும் இத பிடிக்க முடியாது, ஏன்னா தப்பு காப்பியில இல்ல, காப்பிக்கும் ஆய்வுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியில இருக்கு.

மூணாவது ரகத்தோட மதிப்பே அங்கதான். ப்ரோமோமேட்ஸ் மாதிரி சிஸ்டத்துல ஒவ்வொரு க்ளெய்மும் எந்த ஆவணத்த நம்பி நிக்குதுன்னு கட்டி வச்சிருப்பாங்க, புது காப்பியில அதே க்ளெய்ம் வந்தா அதுவா இணைப்ப காட்டும், மெடிக்கல், லீகல், ரெகுலேட்டரி மூணு பேரும் வரிசையா கையெழுத்து போடுவாங்க. ஃபைனான்ஸ்ல இந்த கையெழுத்தே சட்டம்: அமெரிக்க புரோக்கர்களுக்கான ஃபின்ரா விதி 2210படி பொதுமக்களுக்கு போற விளம்பரத்தை பெரும்பாலும் பதிவு பெற்ற ஒரு பிரின்ஸிபல், அதாவது மேற்பார்வை அதிகாரி, பாத்து ஒப்புதல் குடுத்திருக்கணும், ரெக்கார்டும் இருக்கணும், சாட்பாட் ஸ்கிரீன்ஷாட் அதுக்கு செல்லாது.

குறைன்னு பாத்தா, க்ளெய்மையும் ஆதாரத்தையும் சேத்து வைக்கற லைப்ரரிய நிரப்பறதுக்குள்ள தாவு தீந்துடும், காலி லைப்ரரியோட வாங்குன சிஸ்டம் வெறும் காஸ்ட்லி ஃபோல்டர். ஒப்புதல் வாங்குன வாக்கியத்தையே எல்லாரும் திரும்ப திரும்ப ஒட்ட ஆரம்பிப்பாங்க, காப்பி உப்புச்சப்பில்லாம போகும். இன்னொண்ணு, ரெக்கார்டு ரெண்டு பக்கமும் வெட்டும். சிஸ்டம் சிவப்பு காட்டுச்சு, ஒருத்தர் காரணம் எழுதாம தட்டிவிட்டு பப்ளிஷ் பண்ணிட்டாருன்னா, நாளைக்கு கேஸ்னு வந்தா "இவங்களுக்கு முன்னாடியே தெரியும்"னு காட்ட அந்த லாக்கே போதும். காரணம் எழுதாம தட்டிவிட விடாத சிஸ்டமான்னு டெமோலயே கேளுங்க.

விதி மாறும்போது யாரு சீக்கிரம் மாறுறாங்கன்னும் பாக்கணும். ஐரோப்பிய யூனியனோட 2024/825 டைரக்டிவ்ங்கற சட்ட உத்தரவு 2026 செப்டம்பர் 27லேர்ந்து அமலுக்கு வருது, "சுற்றுச்சூழலுக்கு உகந்தது"ங்கற மாதிரி பொத்தாம்பொதுவா சொல்றதுக்கு அங்கீகரிச்ச ஆதாரம் இல்லன்னா தடை. லிஸ்ட்ல அஞ்சு நிமிஷத்துல சேத்துடலாம், ஏஐக்கு அந்த விதிய நீங்களே ஒட்டிக் குடுத்தாதான் நம்பலாம், பெரிய சிஸ்டத்துல வெண்டார் அப்டேட் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

என் சாய்ஸ்: கையெழுத்து கட்டாயம் இல்லாத துறை, சின்ன டீம்னா லிஸ்ட்டும் ஏஐயும் சேத்து வச்சுக்கிட்டு, க்ளெய்ம், ஆதாரம், பக்க எண், எப்ப மறுபடி பாக்கணும்னு நாலு நெடுவரிசை (column) உள்ள எக்செல் ஷீட் ஒண்ணு ஆரம்பிங்க, மூணாவது ரகத்தோட பாதி பலன் அதுலயே வந்துடும். வெளிய விடாத ப்ராடக்ட் காப்பிய இலவச சாட்பாட்ல மட்டும் ஒட்டாதீங்க. மருந்து, முதலீடு, பல நாட்டு விளம்பரம்னா பெரிய சிஸ்டத்துக்கு காசு குடுக்கறது நியாயம், அப்பவும் வாங்கறதுக்கு முன்னாடி வெண்டாரோட அழகான டெமோ காப்பிய விட்டுட்டு உங்க லீகல் திருப்பி அனுப்புன பழைய காப்பிகளையும் ஓகே பண்ணதையும் கலந்து ஓட்டிப் பாருங்க, விட்டதையும் தேவையில்லாம கத்துனதையும் தனித்தனியா எண்ணுங்க.

எந்த ரகம் எடுத்தாலும் செக் பண்ண வேண்டியது வேர்ட் ஃபைல இல்ல, கடைசியா வெளிய போற பேனரையும் லேண்டிங் பேஜையும். எல்லா ஒப்புதலும் முடிஞ்ச பிறகு மொபைல் சைஸ்ல இடம் பத்தலன்னு டிசைனர் அந்த நட்சத்திரக் குறிப்ப தூக்கிட்டாருன்னா, மேல சொன்ன மூணுல எதுக்கும் அது தெரியவே தெரியாது.