கைவலி வண்டியோடு ஐந்தரை வருடம்

போன கிழமை என் மோட்டார் சைக்கிளுக்குக் கோன் செட், அதாவது ஹாண்டில் திரும்புகிற இடத்துக் குண்டு வளையங்கள், மாற்றினேன். ஹாண்டிலைத் திருப்பினால் நேர் நடுவில், பள்ளத்துக்குள் விழுந்த மாதிரி, 'டக்' என்று நின்றுகொண்டிருந்தது. ஆரையம்பதிக் கராஜில் முன் சில்லைக் கழற்றி, உள்ளே இருந்த வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார் மெக்கானிக். குண்டுகள் இருந்து அழுத்திய இடமெல்லாம் சின்னச் சின்னக் குழி. நகத்தால் தடவினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. "58,000 ஓடின வண்டிக்கு இது பெரிய விசயமில்ல சேர்" என்றார். பிறகு என் இடது கையில் சுற்றியிருந்த பண்டேஜைப் பார்த்தார். "கைக்கு என்ன சேர், விழுந்த நீங்களா?"

விழவில்லை. இந்த வண்டியை ஓட்டினேன், அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே அக்கரைப்பற்றில் இருந்து மாமாவின் மகன் கோல் எடுத்தான். 2020-ல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 மாசியில் திறந்துவிட்டார்கள், அதே வண்டி புதுசாக வந்திருக்கிறதாம், எடுக்கட்டா மச்சான் என்று கேட்டான். 155 சிசி, ஆறு கியர், 142 கிலோ எல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொம்பனியின் பெயரையும் நான் சொல்லத் தேவையில்லை. முன்னுக்குக் குனிந்து, பின்னுக்குத் தூக்கி, பெடியன்கள் திரும்பிப் பார்க்கிற அந்த நீல வண்டிதான். போனில் அவனுக்குப் பாதிதான் சொன்னேன். மீதி இது.

2019 மார்கழியில் எடுத்தேன். வீடு மட்டக்களப்பு கல்லடி. படிப்பிக்கிறது கரடியனாறுப் பக்கம். பாலத்தைத் தாண்டி, டவுனைத் தாண்டி, ஊறணி, ஏறாவூர், செங்கலடி, அங்கிருந்து பதுளை வீதியில் உள்ளே. ஒரு பக்கம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். இதில் ஏறாவூர் தாண்டும் வரைக்கும் நாற்பதுக்கு மேல் போக வழியில்லை. போகவும் கூடாது. மாடு நிற்கும். மட்டக்களப்பு மாட்டுக்கு ஹோர்ன் சத்தம் ஒரு பொருட்டே இல்லை.

அந்த நாற்பதில்தான் வலி. இதன் ஹாண்டில் தாழ்வு, சீட் முன்பக்கம் சரிவு. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் நான் சறுக்கிக்கொண்டு டாங்கியில் போய் இடிப்பேன். உடம்பின் பாரம் முழுக்க இரண்டு உள்ளங்கையின் அடியில் வந்து இறங்கும். வலது கைக்கு அக்சிலேட்டரைத் திருகுகிற வேலையாவது உண்டு. இடது கை சும்மா முண்டு கொடுத்துக்கொண்டே இருக்கும். ஏறாவூர் வரும்போது சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் விறைத்துவிடும். உள்ளங்கை ஓரமாகப் போகிற நரம்பு நசுங்குகிறது என்று டொக்டர் சொன்னார். வகுப்புக்குப் போனால் இடது கையில் சோக்குப் பெட்டியைப் பிடிக்க மனமிருக்காது.

2022-ல்தான் உச்சம். பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் காட்டி கிழமைக்கு நான்கு லீற்றர் எடுத்த காலம். அறுபதுக்கு மேல் போனால் கிழமை முடியுமுன் டாங்கி காய்ந்துவிடும் என்று, அந்தப் பதுளை வீதி நேரையும் நாற்பத்தைந்தில் உருட்டினேன். லீற்றருக்கு ஐம்பதுக்கு மேல் ஓடியது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரவில் கையைத் தலையணைக்கு மேல் தூக்கி வைத்துத் தூங்கினேன். விற்கலாம் என்று முதலில் நினைத்ததும் அந்த வருடம்தான்.

விற்காமல் இருந்ததற்குக் காரணம் சென்னை. 2024 தொடக்கத்தில் வளசரவாக்கத்தில் சின்னம்மா வீட்டுக் கலியாணம். பலாலியில் இருந்து பறந்து போயிருந்தேன். அங்கே இருக்கிற தம்பி ஒருத்தன் என் கைக்கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் இரண்டு நாள் பயிற்சிக்கு என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். வண்டியும் லெதர் சூட்டும் அவர்களே தருவார்கள். வாடகை கேட்டு வயிறு கலங்கியது. ஆனால் நிறுத்தியிருந்த வரிசையில் என் வண்டியேதான் நின்றது. அதே மாதிரி, அதே நீலம். கண்ணாடியையும் லைற்றையும் மட்டும் கழற்றியிருந்தார்கள்.

அந்த டிராக் ஸ்ரீபெரும்புதூர் பக்கம், கார் தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. 1990-ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அதற்கு முன்னர் மெட்ராஸ்காரர்கள் சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் ஓடினார்களாம். நம் நாட்டிலும் கட்டுக்குருந்தையில் அதே கதைதான். சண்டைக்குப் போட்ட ஓடுபாதை எல்லாம் கடைசியில் ரேஸ்காரனுக்குத்தான் வந்து சேர்கிறது.

முதல் சுற்றில் நான் செய்தது எல்லாமே பிழை. நேர்ப் பாதை முடிகிற இடத்தில் வலப்பக்கம் வளைகிற முதல் வளைவு இருக்கிறதே, அது தூரத்தில் பார்க்கச் சாதாரணமாகத்தான் தெரியும். கிட்டப் போகப் போக அதன் வேகம் விளங்கும். பயந்துபோய் எல்லாருக்கும் முதல் பிரேக் பிடித்தேன். வழக்கம் போலச் சறுக்கி டாங்கியில் இடித்தேன், கை இரண்டும் விறைப்பு. உள்ளே வந்ததும் பயிற்சியாளர் சொன்னது ஒரே ஒரு விசயம்: "கையால ஏன் சார் தொங்குறீங்க? டேங்கை முட்டியால புடிங்க. கை சும்மா இருக்கணும். ஸ்ட்ரெய்ட்ல கோழி இறக்கை அடிக்கிற மாதிரி முழங்கையை ஆட்டிப் பாருங்க. ஆட்ட முடியலைன்னா தப்பு."

நாற்பத்திரண்டு வயதில், வாடகை லெதர் சூட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு, நூற்றுப் பத்தில் கோழிச்சிறகு அடித்தேன். என் மாணவர்கள் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை டிராக்கில் இறங்கியபோதுதான் அது நடந்தது. நேர்ப் பாதையில் நாடி டாங்கியில் தட்டப் படுத்திருந்தேன். பிரேக் பிடிக்க அடையாளம் வைத்த கோன் வந்தது. எழும்பினேன். எழும்பிய உடனே காற்று நெஞ்சில் வந்து மோதி, பின்னால் இருந்து ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி என்னை நிமிர்த்தியது. தொடை டாங்கியை இறுக்கிப் பிடித்திருந்தது. பாரம் கைக்கு வரவே இல்லை. பிரேக்கோடு சேர்த்து ஐந்தில் இருந்து மூன்றுக்கு இறக்கினேன், பின் சில்லு ஒரு துள்ளல்கூட இல்லை. கிளட்ச் அதற்கென்றே செய்தது என்று கொம்பனி விளம்பரத்தில் வாசித்திருந்தேன், அன்றுதான் பார்த்தேன். வளைந்து வெளியே வரும்போது மீற்றரில் வி.வி.ஏ. என்ற எழுத்து எரிந்தது, வேகத்துக்காக எஞ்சினின் வால்வுத் திறப்பை மாற்றுகிற ஏற்பாடு அது. எஞ்சின் நிமிடத்துக்கு 7,400 சுற்றுக்கு மேல் போனால்தான் அது எரியும். மட்டக்களப்பில் நான் அதைக் கண்ட நாட்களை விரல் விட்டு எண்ணலாம். டிராக்கில் அது அணைந்ததைத்தான் எண்ணவேண்டி இருந்தது.

அந்த இருபது நிமிடம் முடிந்து இறங்கியபோது விரலை மடக்கிப் பார்த்தேன். பத்தும் மடங்கின. தொடைதான் நடுங்கியது. சின்னம்மாவின் மூன்றாம் மாடிக்கு ஏற அன்றிரவு படியில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் ஒருமுறை வெளியே மண்ணுக்குள்ளும் போய் வந்தேன். அகலமாகப் போகிறேன் என்று தெரிந்ததும் மண்ணைப் பார்த்தேன். மண்ணுக்கே போனேன். பார்க்கிற இடத்துக்குத்தான் வண்டி போகும் என்று காலையில்தான் படிப்பித்திருந்தார்கள். நான் ஏன் எப்போதும் மாட்டுக்குக் கிட்டக் கிட்டப் போகிறேன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆக, வண்டியில் பிழை இல்லை. நான் கணிதம் படிப்பிக்கிறவன், கணக்காகவே சொல்கிறேன். வேகம் மூன்று மடங்கானால் காற்று தள்ளுவது ஒன்பது மடங்காகும். 120-ல் காற்று நம் நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கிறது. அதை நம்பித்தான் ஹாண்டிலைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். 40-ல் அந்தத் தாங்கலில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிச்சம், மற்றதெல்லாம் நம் மணிக்கட்டின் தலையில். இந்த வண்டி காற்றில் சாய்ந்து இருக்கச் செய்த வண்டி. அந்தக் காற்றை ஊறணிச் சந்தியில் எங்கே போய் வாங்க?

திரும்பி வந்து தொடையால் பிடித்துப் பார்த்தேன். பாதி வலி போனது, உண்மை. ஆனால் முப்பது கிலோமீட்டரும் டாங்கியை நெரித்துக்கொண்டு போய் முதல் பாடத்துக்கு நிற்க முடியவில்லை. வேகமாகப் போய்ப் பார்க்கும் யோசனையும் வந்தது, மறைக்கவில்லை. மஹியங்கனையில் இருந்து கண்டிக்கு ஏறுகிற பதினெட்டு வளைவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். நான்காவது வளைவில் முழு றோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஒன்று இறங்கி வந்தது. டிராக்கில் எதிரே யாரும் வரமாட்டார்கள் என்பதைத்தான் இரண்டு நாளாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. மிச்சம் பதினான்கையும் சைக்கிள்காரன் மாதிரி ஏறினேன். மச்சான், உனக்கும் அந்த யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு.

மற்ற விசயங்களை வேகமாகச் சொல்கிறேன். எஞ்சின் ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. கல்லடி உப்புக்காற்றில் ஆணி எல்லாம் துருப்பிடிக்கும், கிழமைக்கு ஒருமுறை கழுவு. பக்கத்து பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒருமுறை கழற்றினால் மறுமுறை பூட்டாது. இறக்குமதி நின்றிருந்த காலத்தில் ஒரு செயின் செட்டுக்கு ஏழு கிழமை காத்திருந்தேன். வந்ததும் வேறு மொடலுடையது. கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார். பின் சீட்டைப் பற்றிக் கேட்காதே. என் மனைவி ஒருமுறை ஏறினாள். பரணில் இருந்து வருகிற மாதிரி இருக்கு என்றாள். அதன் பிறகு அவள் பஸ்தான்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரன்.

வைகாசி கடந்தால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பும். காலையில் செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியில் ஏறினால் முகம் தென்மேற்கே. காற்று நேர் எதிரே. மற்றவர்களுக்கு அது தொல்லை. புழுதி, சூடு, வாய் காய்ந்துவிடும். ஸ்கூட்டர்காரர்கள் தலையைக் குனிந்து திட்டிக்கொண்டே போவார்கள். நான் அறுபத்தைந்தில் போவேன். காற்று ஒரு முப்பத்தைந்து என்று வைத்தால் என் நெஞ்சுக்குக் கணக்கு நூறு. இருங்காட்டுக்கோட்டை நேர்ப் பாதையில் எழும்பின மாதிரியே காற்றின் அந்தக் கை வந்து தாங்கும். வயல் இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். கையை லேசாக விடுவேன். சுண்டு விரல் ஹாண்டிலில் பட்டும் படாமலும் இருக்கும். யாரும் இல்லாத இடத்தில் முழங்கையையும் ஆட்டிப் பார்ப்பேன். போன ஆனியில் எதிரே சைக்கிளில் வந்த ஒன்பதாம் வகுப்புப் பெடியன் கண்டுவிட்டான். சேர் கையசைத்தார் என்று நினைத்து அவனும் கையசைத்தான்.

பின்னேரம் அதே காற்று முதுகுக்கு. வேகமும் காற்றும் ஒரே பக்கம், நெஞ்சுக்கு ஒன்றும் மிஞ்சாது. செங்கலடி வருமுன்பே விரல் விறைக்கும். வீட்டுக்கு வந்து இதை எடுத்த நாளைத் திட்டுவேன். இதை எழுதுகிற இந்த நேரமும் பண்டேஜோடுதான்.

அதனால் என் முடிவு: எடுக்காதே. நீ அக்கரைப்பற்று டவுனுக்குள் ஓடுகிறவன், உனக்கு நேர் ஹாண்டில் வண்டி போதும். நானும் விற்கிறேன். போன சனிக்கிழமை வாழைச்சேனையில் இருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். கோன் செட் புதுசு, டயர் பாதிக்கு மேல் இருக்கிறது, வண்டிப் புத்தகம் என் பெயரில். விலையும் சரிப்பட்டது. எப்போது எடுக்கலாம் என்று கேட்டார்.

புரட்டாதி பிறக்கட்டும் என்றேன்.

ஏன் சேர் அவ்வளவு நாள் என்றார். கொஞ்சம் வேலை இருக்கு தம்பி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.