கட்டுரையை எங்கே ஏற்றுவது: ரிசர்ச்கேட்டா, பல்கலைக்கழகக் களஞ்சியமா?

என்னுடைய பதினொரு பழைய கட்டுரைகளில் ஒன்பதைப் போன வருடம் எங்கள் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் நடத்தும் களஞ்சியத்தில் ஏற்றினேன். அதற்கு முன் ஆறு வருடம், ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் என்ற இணையத்தளம் மட்டும்தான் பாவித்தேன். இப்போது கேட்டால் களஞ்சியம் என்றுதான் சொல்வேன்.

ரிசர்ச்கேட் சுலபம். இரண்டு நிமிட வேலை, எத்தனை பேர் வாசித்தார்கள் என்றும் காட்டும். ஆனால் அது பெர்லினில் இருக்கும் தனியார் கம்பனி. 2017-இல் ஆய்விதழ்கள் வெளியிடும் எல்சவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும் பதிப்புரிமையைச் சொல்லி அதன் மேல் வழக்குப் போட்டன, அந்தச் சமயத்தில் நிறையக் கட்டுரைகள் பொதுப் பார்வையிலிருந்து போய்விட்டன.

மொறட்டுவை, களனி, யாழ்ப்பாணம் எல்லாம் டிஸ்பேஸ் மென்பொருளில் களஞ்சியம் வைத்திருக்கின்றன. இருந்தும் எங்கள் பீடத்தில் பலருக்கு எங்களிடம் அப்படியொன்று இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களும் அது மாணவர்களின் ஆய்வேடு போடுகிற இடம் என்றே நினைக்கிறார்கள்.

தமிழில் எழுதுகிற நமக்குப் பெரிய விஷயம் எழுத்துருதான். 2008-இல் நான் எழுதிய கட்டுரை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பிடிஎஃபைத் திறந்தால் அழகான தமிழ், ஆனால் ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும், கூகுளுக்குத் தெரிவதும் அதுதான். நூலக உதவியாளர் தலைப்பு, சுருக்கம், திறவுச்சொற்கள் எல்லாவற்றையும், தேடுபொறியும் தமிழாகவே படிக்கும் யுனிகோடில் திரும்பத் தட்டினார். "சேர், உங்கட பெயரை மூன்று விதமா எழுதியிருக்கிறியள், எதை வைக்கட்டும்?" என்று கேட்டு ஒன்றாக்கினார். இரண்டு மாதத்தில் மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவி தமிழில் தேடிக் கண்டுபிடித்து மின்னஞ்சல் போட்டாள். ரிசர்ச்கேட்டிலும் இந்த விவரங்களை நாமே தட்டலாம்தான், ஆனால் ஆறு வருடத்தில் நான் தட்டவில்லை, ஓய்வு பெற்ற பிறகு யார் தட்டப்போகிறார்கள்? களஞ்சியத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆள் இருக்கிறார். சரி, அந்த ஆள் லீவில் போனால் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டும்.

ஆய்வுத் தரவை நான் எதிலும் ஏற்றிப் பார்த்ததில்லை. அதற்கு ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் நடத்தும் செனோடோ என்ற திறந்த களஞ்சியத்தைச் சிலர் சொல்கிறார்கள்.

அப்புறம், பதிப்பாளர்கள் தங்கள் அச்சுப் பிடிஎஃபைப் பெரும்பாலும் களஞ்சியத்தில் போட விடமாட்டார்கள், இதழ் ஏற்றுக்கொண்ட, அச்சு வடிவமைப்புக்கு முந்தைய நம் கடைசிப் பிரதியைத்தான் விடுவார்கள். மிச்சம் இரண்டு கட்டுரைக்கும் அந்தப் பிரதி என்னிடம் இல்லை, பழைய மடிக்கணினியோடு போய்விட்டது.