ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பிஎஸ், 47 வயசுல முதல் நாலு வாரம்

காரைக்குடில பலகாரக் கடை வச்சிருக்கேன். ஐஐடி மெட்ராஸ் 2020ல ஆரம்பிச்ச டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புல (அதான் பிஎஸ்), உள்ள போறதுக்கு முன்னாடி பாஸ் பண்ண வேண்டிய குவாலிஃபையர்ங்கிற தகுதிச் சுற்றுக்கு சேர்ந்து நாலு வாரம் ஆச்சு, என்னைய மாதிரி வயசுல யோசிச்சிட்டு இருக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

வயசு வரம்பு கிடையாது, ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். பன்னெண்டாவது பாஸ், பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். முதல்ல நாலு பாடம், இங்கிலீஷ், கணக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கம்ப்யூட்டேஷனல் திங்கிங். இந்தக் கடைசி பாடம்தான் எனக்கு உசுரு. கடை பில்லை ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து, எதைக் குறிச்சு வச்சுக்கணும் எதை ஒதுக்கணும்னு படிப்படியா சொல்லித்தர்றாங்க, 20 வருசமா ராத்திரி கல்லாவுல உக்காந்து நான் செய்யுற வேலைதான இதுன்னு தோணவும் கண்ணு கலங்கிருச்சு.

கணக்கு கஷ்டம்தான். கோடு, சாய்வு எல்லாம் படிச்சு முப்பது வருசமாச்சுல்ல, ஒரு வீடியோவ மூணு தடவ பாக்குறேன், அப்புறம் புரியுது. தேன்குழல் புழிய ஆள் வர்றதுக்கு முன்னாடி நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் படிப்பு.

ஒண்ணு கவனிங்க, வாராவாரம் அசைன்மென்ட் இருக்கு, அதுல குறைஞ்சபட்ச மார்க் வந்தாத்தான் குவாலிஃபையர் எழுதவே முடியும், அதனால கடைசி நாளுக்குத் தள்ளாதீங்க. பரீட்சை ஆன்லைன்ல இல்ல, நேர்ல போய் எழுதணும்.

"இந்த வயசுல என்னத்துக்குத்தா படிப்பு"ன்னு கேட்ட எங்க ஆத்தா இப்ப அவுகளே காப்பி போட்டு எழுப்பி விடுறாக.